எட்டு நிலையங்களும் ஒரு தொலைபேசிக் கம்பியும்

மும்பை மாதுங்காவிலோ, தில்லி கரோல்பாக்கிலோ, ஜாம்ஷெட்பூரிலோ குடியேறி வாழும் நம்மவருள் முதியவர் ஒருவரைக் கேட்டுப் பார்த்தால், ஊரோடு தமக்கிருந்த தொடர்பின் வரலாற்றை அவர் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடுவார். முதலில் தபால், அடுத்துத் தந்தி, அதுவும் பெரும்பாலும் கெட்ட செய்திக்கே, பிறகு, பதிவு செய்துவிட்டுப் பாதி நாள் காத்திருந்து பேசிய டிரங்க் கால், அதற்கும் பிறகு, இரவு பதினொரு மணியானால் கட்டணம் குறையும் என்று பிள்ளை குட்டிகளோடு வரிசையில் நின்ற எஸ்.டி.டி. பூத். இணையம் எப்போது வந்தது என்று வினவினால், 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 எனத் தேதியோடு சொல்பவரும் உண்டு. அது பிழையன்று. விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்துவிட்ட நாள் அதுவே. ஆயினும், கதவு திறந்த நாளைக் கொண்டாடும் நாம், அதற்கு முன் ஒன்பது ஆண்டுக் காலம் கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை மறந்துவிடுகிறோம். இன்று நாம் பேசப் புகுவது அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றியே.

1980களின் நடுப்பகுதியில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவருடைய நிலைமையை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகக் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைத்து ‘அர்ப்பாநெட்’ என்னும் வலைப்பின்னலை அமைத்துவிட்டார்கள். 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அது, இன்று இணையம் முழுவதும் பேசும் டி.சி.பி./ஐ.பி. என்ற நெறிமுறைக்கு மாறிவிட்டது. அங்கே ஓர் அறிஞர் தம் கட்டுரையை எழுதி முடித்த அன்றே பல நூறு மைல் தொலைவிலிருந்த நண்பர் அதைப் படித்துக் குறை நிறை சொல்ல முடிந்தது. இங்கோ, அதே கட்டுரை தபாலில் வந்து சேர வாரங்கள் ஆகும். கப்பல் தபாலாயின் மாதங்கள் ஆகும். அறிவில் நாம் பின்தங்கியிருக்கவில்லை; செய்தி வந்து சேர்வதில் பின்தங்கியிருந்தோம். இவ்விரண்டும் வெவ்வேறு எனினும், நாளடைவில் பின்னது முன்னதாக மாறிவிடும் அபாயம் உண்டு.

இக்குறையை நீக்கும் பொருட்டு 1986ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பொருளுதவியுடன் ஒரு முயற்சியைத் தொடங்கியது. கல்வி ஆராய்ச்சி வலைப்பின்னல் என்பது அதன் பெயர். ‘எர்நெட்’ என்று சுருக்கமாக வழங்கினார்கள். அதில் முதலில் இடம்பெற்றவை எட்டே நிலையங்கள். தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஊர்களிலிருந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். எட்டாவதாகத் தில்லியிலிருந்த மின்னணுவியல் துறையின் அலுவலகம். இத்தனை பெரிய நாட்டுக்கு எட்டு நிலையங்கள் எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் இவற்றை இணைக்கக் கம்பி எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

அந்நாளில் தொலைபேசி என்பது பெருஞ்செல்வம். மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம் எல்லாருக்கும் தெரிந்தவையே. 1991ஆம் ஆண்டிற்கூட, 84 கோடி மக்கள் வாழ்ந்த இந்நாட்டில் இருந்த தொலைபேசி இணைப்புகள் சுமார் 50 லட்சம்தான். அதாவது ஆயிரம் பேருக்கு ஆறு. இருந்த கம்பிகளிலும் கரகரப்பும் இரைச்சலும் குறுக்கே புகும் அந்நியர் குரலும் மிகுதி. மனிதர் பேசும்போது, ‘என்ன சொன்னீர்கள்?’ என்று மறுபடி கேட்டுக்கொள்ளலாம். கணிப்பொறிகள் பேசிக்கொள்ள இக்கம்பி போதுமா?

போதும்படி செய்துகொண்டார்கள் என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. அவர்கள் கையாண்ட முறைக்கு யூ.யூ.சி.பி. என்று பெயர். யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் ஓடும் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளைப் பிரதியெடுத்து அனுப்பும் எளிய ஏற்பாடு அது. நிரந்தரமான கம்பி எதுவும் அதற்குத் தேவையில்லை. பகலெல்லாம் கடிதங்கள் ஒரு கணிப்பொறியில் குவியும். குறித்த நேரம் வந்ததும் அப்பொறி, மோடம் என்ற கருவியின் வழியாக, நம்மைப்போலவே தொலைபேசி எண்ணைச் சுழற்றி மறுமுனையிலுள்ள பொறியை அழைக்கும். அது எடுத்துப் பேசியவுடன் இருபுறக் கடிதங்களும் கைமாறும். பிறகு இணைப்புத் துண்டிக்கப்படும். இடையில் இரைச்சல் வந்து எழுத்துகள் சிதைந்தால், சிதைந்த பகுதியை மட்டும் மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேட்கும் அறிவும் அதற்கு உண்டு. இணைப்பு அறுந்துபோனால் சற்றுப் பொறுத்து மறுபடி அழைக்கும். கட்டணம் குறையும் நேரம் பார்த்து அழைக்கும்படியும் அதைப் பணிக்கலாம். எஸ்.டி.டி. பூத்தில் பதினொரு மணிக்காகக் காத்து நின்ற நமக்கு இது புதிய தந்திரமன்று.

இவ்வழியில் 1986–87இல் நிகழ்ந்த முதல் மின்னஞ்சல் பரிமாற்றம் எவ்விரு ஊர்களுக்கிடையே என்று எண்ணுகிறீர்கள்? பம்பாய்க்கும் பம்பாய்க்கும் இடையே! தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும், பவாயிலுள்ள தொழில்நுட்பக் கழகத்துக்கும் இடையில்தான் அது நடந்தது. நகரப் பேருந்தில் ஏறி ஓர் ஆள் கையிலேயே கொண்டு கொடுத்துவிடக்கூடிய தொலைவு. நகைப்பதற்கன்று இதைச் சொல்வது. அருகிலுள்ள வீட்டுக்குப் பாலம் போடத் தெரிந்தவனே அக்கரைக்குப் பாலம் போடுவான். அடுத்து வந்த ஓரிரு ஆண்டுகளில் அதே முறையில் சென்னையும் கான்பூரும் கரக்பூரும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதத் தொடங்கின.

பழைய நாளில் மணி கட்டிய ஈட்டியைத் தோளில் தாங்கித் தபால் ஓட்டக்காரர் ஓடுவார். குறித்த இடத்தில் அடுத்தவர் காத்து நிற்பார், பை கைமாறும், அவர் ஓடுவார். யூ.யூ.சி.பி. கடிதமும் அப்படியே பயணம் செய்தது. அதன் முகவரியே வேடிக்கையானது. இன்றைய முகவரியில் ஆளின் பெயரும் இடத்தின் பெயரும் இருந்தால் போதும். வழியைப் பொறிகளே கண்டுகொள்ளும். அன்றோ, கடிதம் எந்தெந்தப் பொறிகளைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்ற வழி முழுவதையும் எழுதுபவரே வரிசையாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் இடையே ஓர் ஆச்சரியக்குறி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ‘யூயூநெட்’ என்ற நிலையம் ஒன்று. அதனைத் தொட்டால் உலகைத் தொட்டதற்கு ஒப்பு. அதற்கும் நம் நாட்டுக்கும் இடையே நின்ற பொறி பம்பாயில், மென்பொருள் மையத்தில் இருந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘சக்தி’. அந்நாளில் வெளிநாட்டிலிருந்து இந்திய ஆராய்ச்சியாளருக்கு வந்த எத்தனையோ கடிதங்களின் மேலுறையில் யூயூநெட், ஆச்சரியக்குறி, சக்தி, ஆச்சரியக்குறி என்றே தொடங்கும் வழி எழுதப்பட்டிருந்தது.

மென்பொருள் மையத்தை நடத்திவந்த சீனிவாசன் ரமணியின் பெயரை இங்கே சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வளர்ந்து, 1985இல் தனி நிறுவனமாகப் பிரிந்த மையம் அது. ரமணி, எர்நெட் பிறப்பதற்கு முன்பே, 1982இல், ரோஜர் மில்லர் என்பவருடன் சேர்ந்து ஒரு கருத்தை எழுதி வெளியிட்டார். தாழ்ந்த பாதையில் பூமியைச் சுற்றும் சிறிய செயற்கைக்கோள் ஒன்று, ஓர் ஊரின் மேலே வரும்போது அங்குள்ள கடிதங்களை வாங்கிச் சேமித்துக்கொண்டு, வேறோர் ஊரின் மேலே செல்லும்போது அவற்றை இறக்கிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. வானத்தில் ஓடும் தபால்காரர் எனலாம். கம்பியில்லாத நாட்டில் வாழ்பவருக்கே இத்தகைய எண்ணம் இயல்பாக உதிக்கும். 2014ஆம் ஆண்டில் இணையப் பெருமக்கள் மன்றத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது.

இனி, சற்றுக் கடினமான செய்தி ஒன்று. ஆயினும் தவிர்க்க இயலாதது. கணிப்பொறிகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். 1980களில் இரண்டு மொழிகள் போட்டியிட்டன. ஒன்று, பன்னாட்டுத் தர அமைப்பு குழு குழுவாகக் கூடி வகுத்துக்கொண்டிருந்த ஓ.எஸ்.ஐ. நெறிமுறை. அரசாங்கங்களும் தொலைபேசித் துறைகளும் அதையே ஆதரித்தன. எதிர்காலம் அதற்கே என்று பல நாடுகளில் பேசப்பட்டது. மற்றொன்று, பல்கலைக்கழகங்களில் பிறந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டி.சி.பி./ஐ.பி. முறை. எர்நெட்டை அமைத்தவர்கள் எதையும் விட்டுக்கொடுக்காமல், தம் முதன்மைக் கம்பிகளில் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டார்கள். 1995ஆம் ஆண்டு வந்தபோது ஏறத்தாழ எல்லாச் செய்திகளும் டி.சி.பி./ஐ.பி. வழியாகவே சென்றன, ஓ.எஸ்.ஐ. தானாக ஒதுங்கிவிட்டது. இரண்டு மாடு பூட்டி, எது இழுக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளும் இம்முறையில் வீண் செலவு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் தீர்ப்பு வெளியாகாத வழக்கில் ஒரு கட்சியை மட்டும் நம்பி நாடு முழுவதையும் பணயம் வைக்காமல் இருந்தது விவேகம் என்றே நாம் கருதுகிறோம்.

1989ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக முகவரி ஏட்டில் ‘டாட் இன்’ என்னும் இந்தியக் குறி பதிவாயிற்று. 1990இல் எர்நெட்டுக்குத் தனி முகவரித் தொகுதி கிடைத்தது. 1991 ஜனவரியில் தில்லிக்கும் பம்பாய்க்கும் இடையே முதலாவது குத்தகைக் கம்பி போடப்பட்டது. அழைத்துத் துண்டிக்கும் வேலை இனியில்லை, இரவும் பகலும் இணைப்பு நிற்கும். அதன் வேகம் நொடிக்கு 9,600 பிட். 1992க்குள் எட்டு நிலையங்களும் இதே வேகமுள்ள கம்பிகளால் கட்டப்பட்டன. அவ்வாண்டிலேயே பம்பாயிலிருந்து வர்ஜீனியாவின் யூயூநெட்டுக்கு நொடிக்கு 64,000 பிட் செல்லும் வழியும் திறந்தது.

இவ்வேகத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆங்கில எழுத்துக்கு எட்டு பிட் என்றால், 9,600 பிட் கம்பியில் நொடிக்கு 1,200 எழுத்துகள் செல்லும். ஒரு பக்கக் கடிதம் இரண்டு நொடி. இது தாராளம். ஆனால் இன்று கைப்பேசியில் நாம் அசட்டையாக அனுப்பும் ஒரு மெகாபைட் அளவுள்ள புகைப்படம் அக்கம்பியில் சென்றிருந்தால், வேறு எவரும் குறுக்கிடாதபோதே, ஏறக்குறைய 14 நிமிடம் பிடித்திருக்கும். 64,000 பிட் கொண்ட அந்த ஒரே வெளிநாட்டு வாசலையோ நாட்டின் ஆராய்ச்சி உலகம் முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. எனவே அன்று எழுதியவர்கள் சுருக்கமாக எழுதினார்கள். வேண்டியதை மட்டுமே கேட்டார்கள். அந்தச் சிக்கனப் பழக்கம் இன்று நம்மை விட்டுப் போய்விட்டது.

இதே காலத்தில் அரசாங்கத்துக்கென வேறொரு பின்னல் எழுந்ததையும் குறிப்பிட வேண்டும். 1976இல் தோன்றிய தேசிய தகவலியல் மையம், என். சேஷகிரியின் தலைமையில், 1987 முதற்கொண்டு மாவட்டத் தலைநகரங்களில் சிறு தரைநிலையங்களை நிறுவிச் செயற்கைக்கோள் வழியாகத் தில்லியுடன் இணைத்தது. ‘நிக்நெட்’ எனப்பட்ட அது நானூறுக்கு மேற்பட்ட மாவட்டங்களை எட்டியது. நல்ல தொலைபேசியே இல்லாத மாவட்டங்களிலும் ஆட்சியர் அலுவலகக் கூரைமேல் ஒரு வட்டில் வானம் பார்த்து நின்றது. எர்நெட் அறிஞர்களுக்காகக் கம்பியில் ஊர்ந்தது. நிக்நெட் அதிகாரிகளுக்காக வானத்தில் பறந்தது. இவ்விரண்டிலும் இடமில்லாதவர் குடிமக்கள்.

இங்கேதான் நம் மனம் சற்று உறுத்துகிறது. எர்நெட்டில் நுழைய, கல்வி அல்லது ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவராய் இருத்தல் வேண்டும். சென்னை அடையாற்றில் தொழில்நுட்பக் கழகத்தின் மதிலுக்கு உள்ளே இருந்த மாணவர் ஒருவர், கலிபோர்னியாவிலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதி மறுநாளே பதில் பெறலாம். மதிலுக்கு வெளியே, சாலையைக் கடந்து வாழ்ந்தவருக்கு நீல நிற விமானத் தபாலே கதி. பணிக்கு வெளிமாநிலம் சென்ற மகன் கரக்பூரில் ஆய்வு மாணவனாயின் உலகம் அவன் விரல்நுனியில். அவன் தம்பி அதே வங்காளத்தில் ஒரு தொழிற்சாலைக் கணக்கராயின் அவனுக்கு ஒன்றுமில்லை. கம்பி மெலிந்தது, எல்லாரையும் ஏற்றினால் அறுந்துவிடும் என்பது அன்று சொல்லப்படத்தக்க நியாயம். தொடக்கத்தில் அது உண்மையும் ஆகும். ஆனால் 1992க்குப் பின்னரும் அதே நியாயம் செல்லுமா? வெளிநாட்டுத் தொடர்பு முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையிலும், உள்நாட்டுக் கம்பி முழுவதும் ஒரே துறையின் கையிலும் இருந்தன. கருவிக் குறையைக் காட்டிலும் அனுமதிக் குறையே கடைசி மூன்று ஆண்டுகளை நீட்டியது என்பது நம் துணிபு. மாற்றுக் கருத்துடையாரும் இருக்கலாம்.

முடிவில் 1995 வந்தது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு தில்லியிலிருந்த அமைச்சர் சுக் ராமுடன் கைப்பேசியில் பேசினார். இரண்டு வாரங்களில், விடுதலை நாளன்று, பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய மாநகரங்களில் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தனி மனிதருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். நிறுவனங்களுக்கு 15,000 ரூபாயும் அதற்கு மேலும். மணிக்கு 20 ரூபாய் என்பது ஓர் எழுத்தரின் சம்பளத்தில் எளிதில் தாங்கக்கூடிய சுமையன்று. தொலைபேசிக் கட்டணம் வேறு. வேகம் அதே 9,600 பிட். இத்தனைக்கும் ஆறு மாதத்துக்குள் சுமார் பத்தாயிரம் பேர் சேர்ந்தார்கள். அழைத்தால் இணைப்புக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நிலைப்பது அதனினும் அரிது. எனினும் அவர்கள் விடாமல் அழைத்தார்கள். மோடம் எழுப்பிய அந்தக் கீச்சொலியை அக்காலத்தவர் இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

நம் மொழிக்கு இதில் நேர்ந்த இடர்ப்பாடு தனிக்கதை. அன்றைய மின்னஞ்சல் வழி ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைந்தது. ‘அம்மாவுக்கு உடம்பு எப்படி’ என்பதையும் ரோமன் எழுத்தில் எழுதியே அனுப்ப வேண்டியிருந்தது. பின்னர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை இலவசமாக வழங்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் தமிழ் இணையப் பக்கம் வெளிவந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒருவர் தமிழில் அனுப்பிய கடிதம் மற்றவருக்கு முள்ளும் கல்லுமாகத் தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. ‘தமிழ்நெட் 99’ விசைப்பலகை அதன் பயன். ஊரை விட்டு வெளியே வாழ்ந்த தமிழரே இவ்வேலையில் முன்னின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கடிதம் எழுத வேண்டிய தேவை அவர்களுக்கே அதிகம்.

1998 நவம்பரில் தனியாருக்கும் இணையச் சேவை நடத்த அனுமதி வழங்கப்பட்டது. முதலாவதாக முன்வந்தது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே. தெருமுனைகளில் இணைய நிலையங்கள் பெருகின, எஸ்.டி.டி. பூத்தின் ஒரு பாதியிலேயே கணிப்பொறியைப் போட்டவர்களும் உண்டு. அதே 1998இல் எர்நெட் தன்னாட்சி பெற்ற சங்கமாக மாறிக் கல்வி நிலையங்களுக்குத் தொண்டு செய்வதைத் தொடர்ந்தது. ‘டாட் இன்’ மட்டும் நெடுங்காலம் அதே மதிலுக்குள் இருந்தது. 1992 முதல் 2004 வரையில் அதில் பதிவான பெயர்கள் சுமார் 7,000 மாத்திரமே. 2005ஆம் ஆண்டில்தான் அதன் விதிகள் தளர்த்தப்பட்டன.

1990களில் அச்சான கணித, இயற்பியல் ஆய்விதழ்களை ஏதேனும் ஒரு நூலகத்தில் எடுத்துப் புரட்டினால், கட்டுரைகளின் அடியில் ஆசிரியர் முகவரிகளைக் காணலாம். பெங்களூர் அறிவியல் கழகம், கான்பூர்த் தொழில்நுட்பக் கழகம், சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் என்று இடங்கள் வேறு வேறாக இருக்கும். எல்லா முகவரிகளும் ‘எர்நெட் டாட் இன்’ என்றே முடியும்.